உவைனாத்: மூன்று நாட்டு எல்லையில் சில சுனைகள்

2025 ஜூன் 11 அன்று, சூடான் உள்நாட்டுப் போரில் ராணுவத்தை எதிர்த்துச் சண்டையிடும் துரித ஆதரவுப் படை, எகிப்து, லிபியா, சூடான் மூன்றும் கூடும் 'முக்கோணப் பகுதி'யைப் பிடித்துவிட்டதாக அறிவித்தது. அங்கிருந்து விலகிவிட்டதாக ராணுவமும் ஒப்புக்கொண்டது. வரைபடத்தில் அந்த இடத்தைத் தேடினால் ஊர் இல்லை, சாலை இல்லை, ஆறு இல்லை. 22ஆம் அட்சக்கோடும் 25ஆம் தீர்க்கக்கோடும் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல வந்து வெட்டிக்கொள்கின்றன. 'போல' என்ன, ஸ்கேல் வைத்துத்தான் போட்டார்கள்.

அந்த வெட்டுப்புள்ளி ஒரு மலையின் மேல் விழுகிறது. உவைனாத் என்று பெயர், உயரம் 1,934 மீட்டர். அடிவாரச் சமவெளியே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 600 மீட்டரில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியும் மலை ஏறக்குறைய 1,300 மீட்டர். வடமேற்கே லிபியாவின் குஃப்ரா பாலைச்சோலை 300 கிலோமீட்டர். வடகிழக்கே எகிப்தின் தாக்லா பாலைச்சோலை 550 கிலோமீட்டருக்கு மேல். நேர் கிழக்கே நைல் நதி 650 கிலோமீட்டருக்கும் அப்பால். கால்நடையாகவோ ஒட்டகத்திலோ போனவர்களுக்கு இடையில் தண்ணீர் என்று நம்பிப் போக இருந்தவை இந்த மலையிலும், நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள அர்கெனு மலையிலும் சில பாறைக்குழிகள்தான். இந்தப் பகுதியில் யார் குடியிருக்கலாம், எத்தனை பேர் கடக்கலாம், எந்தப் படை எத்தனை நாள் தங்கலாம் என்பதை நெடுங்காலம் முடிவுசெய்தது எல்லைக்கோடு அல்ல, அந்தக் குழிகளின் கொள்ளளவு.

ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெற்றும் கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் சென்னையில் இருந்து பார்த்தால் உவைனாத்தின் கணக்கு நம்ப முடியாததாகத் தெரியும். அங்கே சராசரி ஆண்டு மழை ஒற்றை இலக்க மில்லிமீட்டர். அந்தச் சராசரிக்கும் பெரிதாக அர்த்தமில்லை. பல ஆண்டுகள் ஒரு துளிகூட விழாது. பிறகு ஒரு நாள் ஒரு மேகம் வந்து ஒரே பள்ளத்தாக்கில் கொட்டிவிட்டுப் போகும், அடுத்த பள்ளத்தாக்கு காய்ந்தே கிடக்கும். காரணம் இடம். தெற்கிலிருந்து கோடையில் ஏறிவரும் ஆப்பிரிக்கப் பருவமழை இந்த அட்சக்கோட்டை எட்டுவதற்குள் பெரும்பாலும் வலுவிழந்துவிடும். குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வு இவ்வளவு தெற்கே இறங்குவது அபூர்வம். இரண்டுக்கும் நடுவே, இரண்டும் கிடைக்காத இடத்தில் நிற்கிறது மலை.

மலையின் உடலமைப்பு

உவைனாத்தை இரண்டு மலைகளின் ஒட்டு என்று எடுத்துக்கொண்டால் குழப்பம் குறையும். மேற்குப் பாதி கருங்கல். பூமிக்கடியிலிருந்து உருகி மேலேறிய பாறைக்குழம்பு வளைய வடிவில் இறுகியது. குறுக்களவு சுமார் 25 கிலோமீட்டர். வெயிலில் விரிந்தும் இரவுக் குளிரில் சுருங்கியும் அதன் மேற்பரப்பு வெங்காயத் தோல்போல உரிந்து, வீடு பெரிய உருண்டைக் கற்களாகச் சரிவெங்கும் குவிந்து கிடக்கிறது. கிழக்குப் பாதி பழைய மணற்கல். பண்டைய அடிப்பாறையின் மேல் அடுக்கடுக்காகப் படிந்து, செங்குத்தான விளிம்போடு மேசைபோல உயர்ந்து நிற்பது.

மலையைப் பிளந்து வெளியே ஓடும் பள்ளத்தாக்குகளை அங்கே கர்கூர் என்பார்கள். வடகிழக்கில் கர்கூர் தல்ஹ், தென்கிழக்கில் கர்கூர் முர், மேற்குப் பக்கம் கர்கூர் இப்ராஹிம். தல்ஹ் பள்ளத்தாக்கில் வேலமர இனங்கள் இன்றும் நிற்கின்றன. அதன் பாறைச் சுவர்களில் மாடுகளும் ஒட்டகச்சிவிங்கிகளும் ஆயிரக்கணக்கில் வரையப்பட்டும் செதுக்கப்பட்டும் உள்ளன. பொது ஆண்டுக்கு முன் சுமார் 8500 முதல் சில ஆயிரம் ஆண்டுகள் இங்கே மழை பெய்தது, புல் இருந்தது, மாடு மேய்த்தவர்கள் இருந்தார்கள். பொ.ஆ.மு. 5300 வாக்கில் எகிப்தியப் பாலை காயத் தொடங்கியபோது ஆட்கள் உவைனாத், கில்ஃப் கபீர் போன்ற மேட்டு நிலங்களை ஒட்டி ஒதுங்கினார்கள். மலையில்தான் கடைசியாகத் தண்ணீர் வற்றும். அந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சுனை எப்படி நிற்கிறது

பெயர்பெற்ற நீர்நிலைகள் சிலதான். தென்மேற்கு அடிவாரத்தில், லிபிய எல்லைக்குள், ஐன் துவா. லிபியப் பக்கத்திலேயே ஐன் சுவைய்யா. சூடான் பக்கம், கர்கூர் முர்ருக்குள், ஐன் அல்-பிரின்ஸ். 1920களில் இந்தப் பாலையை மோட்டார் வண்டிகளில் சுற்றிய எகிப்திய இளவரசர் கமால் அல்-தீன் ஹுசைன் நினைவாக வந்த பெயர் அது. பயணக் குறிப்புகளும் வரைபடங்களும் இவற்றை ஊற்று என்றே எழுதிவந்திருக்கின்றன. ஆனால் நிலத்தடியிலிருந்து பீறிட்டு வரும் நீர் இதில் எதுவும் இல்லை. எல்லாம் சுனை. எப்போதோ பெய்த மழை பாறைக்குள் தங்கி நிற்பது. 1923இல் இந்த மலையை முதன்முதலில் அளந்து வரைபடத்தில் சரியான இடத்தில் வைத்த எகிப்தியப் பயணி அகமது ஹசனைன் அப்போதே இதைக் கண்டு எழுதியிருக்கிறார்.

வேலை நடக்கும் விதம் இது. கருங்கல் தண்ணீரைக் குடிக்காது. மண்ணும் செடியும் இல்லாத வெறும் பாறைச் சரிவில் பத்து மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒரு கோடி லிட்டர். அதில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் வெள்ளமாக இறங்கி அடிவார மணலில் மறைந்துவிடும். பத்தில் ஒரு பங்கு மட்டும் கல்லிடுக்குகளிலும் வெடிப்புகளிலும் தங்கியது என்று வைத்துக்கொண்டாலும் பத்து லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் எண்பதுக்கு மேல். அந்த நீர் உருண்டைக் கற்களுக்கு அடியில் வெயில் படாமல் மெதுவாகக் கசிந்து, சரிவின் காலடியில் எங்கே வெடிப்பு முடிகிறதோ அங்கே ஒரு குழியில் தேங்கும். மணற்கல் பாதியில் வழி கொஞ்சம் வேறு. மணற்கல் சிறிது நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கீழே இறுகிய பாறை தடுக்கும்போது அந்தச் சந்திப்பில் கசிவு வெளிப்படும்.

குழி நிற்குமா வற்றுமா என்பதை நிழல் தீர்மானிக்கிறது. மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள குழி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 9,000 லிட்டர் பிடிக்கும். திறந்த வெயிலில் அந்த வறண்ட காற்று ஒரு நாளைக்குப் பத்து மில்லிமீட்டர் உறிஞ்சினால் தினம் 60 லிட்டர் போகும், ஐந்து மாதத்தில் தரை தெரியும். அதே குழி ஒரு பெரிய கல்லின் அடியில் இருந்து ஆவியாதல் கால்பங்காகக் குறைந்தால் இருபது மாதம் தாங்கும். பின்னாலிருந்து கசிவும் வந்துகொண்டிருந்தால் வருடக்கணக்கில் நிற்கும். ஐன் துவா அப்படிப்பட்ட அமைப்பு: பிரம்மாண்டமான கருங்கல் குவியலின் காலடியில், கற்களுக்கு இடையிலான இருட்டில் தண்ணீர்.

கெடுவதற்கும் வழிகள் பல. முதலாவது உப்பு. மழைநீரில் கரைந்திருப்பது சொற்பம். ஆனால் நீர் மட்டும் ஆவியாகிக் கரைந்தது எல்லாம் தங்கிவிடுவதால், குழி பத்தில் ஒன்றாக வற்றும்போது உப்பு பத்து மடங்காகிவிடும். நல்ல மழைக்கு மறு மாதம் இனித்த அதே குழி சில ஆண்டுகள் கழித்து வயிற்றைக் கலக்கும். இரண்டாவது விலங்குகள். மலை ஆடும் பறவையும் ஒட்டகமும் குடிக்க வரும் ஒரே இடம் என்பதால் புழுக்கையும் எச்சமும் நீரில்தான் விழும். விவரம் தெரிந்தவர்கள் ஒட்டகத்தைக் குழிக்கு விடமாட்டார்கள், இறைத்துத் தனியே ஊற்றுவார்கள். மூன்றாவது, வெள்ளமே கொண்டுவரும் மணல். ஒரு பெருமழை குழியை நிரப்பியும் விடும், தூர்த்தும் விடும். தூர்ந்த குழியைத் தோண்டினால் அடியில் ஈரம் கிடைக்கலாம், ஆனால் கைப்பிடி கைப்பிடியாக மணலை அள்ளும் ஆளும் வியர்வையாகத் தண்ணீரை இழந்துகொண்டுதான் இருப்பான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் கூட்டம். பல நாள் தாகத்தோடு வரும் ஒட்டகம் ஒரே நிற்பில் நூறு லிட்டர் குடிக்கும். முப்பது ஒட்டகம் வந்தால் மேலே சொன்ன குழியில் மூன்றில் ஒரு பங்கு அன்றைக்கே காலி. ஹசனைன் போனபோது மலையில் தெபு இனத்தின் கோரான் மக்கள் 150 பேர் அளவில் இருந்தார்கள். அந்த எண்ணிக்கையை நிர்ணயித்தது குடிநீர் மட்டுமல்ல, ஆட்டுக்கான மேய்ச்சலும்தான். சுனை வற்றுவதற்கு முன்பே புல் காய்ந்துவிடும். பக்கத்து அர்கெனு மலையில் பெதுவின் என்னும் நாடோடி மேய்ப்பர்கள் செய்த ஏற்பாட்டையும் அவர் பதிவு செய்திருக்கிறார்: மேய்ச்சல் காலத்தில் ஒட்டகங்களைப் பள்ளத்தாக்குக்குள் ஓட்டி, வாயிலைக் கற்களால் அடைத்துவிட்டு, மேய்ப்பன் இல்லாமல் மூன்று மாதம் விட்டுவிடுவார்கள். உள்ளே நீரும் புல்லும் உண்டு, வெளியே எதுவும் இல்லை. வேலி போடச் செலவில்லாத தொழுவம்.

போர்வெல் போட்டால் வராதா?

சென்னைக்காரர் யாரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. உலகின் மிகப் பெரிய புதைநீர்த் தேக்கங்களில் ஒன்றான நூபிய மணற்கல் நீர்த்தேக்கம் எகிப்து, லிபியா, சூடான், சாட் நான்கின் அடியிலும் 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவிக் கிடக்கிறது. குஃப்ராவில் வட்ட வட்டமாகத் தெரியும் பச்சை வயல்கள் அதன் தண்ணீர்தான். 1991 முதல் பெங்காசிக்குக் குழாயில் போவதும் அதே தேக்கத்தின் சரீர், தஸர்போ கிணறுகளிலிருந்துதான்.

ஆனால் உவைனாத்தின் அடியில் அது இல்லை. திருவான்மியூர் மணலில் சில அடியில் தண்ணீர் தட்டும், அதே நகரின் பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் போர் போட்டால் சார்னோக்கைட் பாறைதான் வரும், வெடிப்பு சிக்கினால் நீர், சிக்காவிட்டால் புழுதி. இதே வேறுபாடுதான் இங்கும். உவைனாத்திலிருந்து கிழக்கே பிர் சஃப்சாஃப் வழியாக அஸ்வான் திசையில் பண்டைய அடிப்பாறை ஒரு முதுகெலும்புபோல உயர்ந்திருக்கிறது. நீரைப் பிடிக்கும் மணற்கல் அந்த முதுகின் வடக்கிலும் மேற்கிலும் சரிந்து தடிக்கிறது, முதுகின் மேல் மெலிந்து இல்லாமலேயே போகிறது. மலையில் துளை போட்டால் கருங்கல்லைத்தான் துளைக்க வேண்டும்.

ஆகவே சுனை நீரும் புதைநீரும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கணக்குகள். சுனையில் இருப்பது சில ஆண்டுகளுக்கு முந்தைய மழை. புதைநீரோ மழைக்காலங்கள் தொலைந்துபோன யுகத்தைச் சேர்ந்தது; எகிப்தின் மேற்குப் பாலைக் கிணறுகளில் நீரில் கரைந்த கிரிப்டான்-81 என்ற கதிரியக்க வாயுவின் அளவைக் கொண்டு கணித்தபோது இரண்டு லட்சம் முதல் பத்து லட்சம் ஆண்டு வயது வந்தது. குஃப்ராவில் இறைத்தால் ஐன் துவா வற்றாது. குஃப்ராவில் இறைப்பதை நிறுத்தினாலும் ஐன் துவா நிரம்பாது. செய்திகளில் இவை கலந்து எழுதப்படுவதற்கு ஒரு காரணம் பெயர்: எகிப்து அரசு புதைநீரில் கோதுமை விளைவிக்கும் 'கிழக்கு உவைனாத்' திட்டம் மலையிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. அதன் வயல் படத்தைப் போட்டு மலையடிவாரம் என்று எழுதினால், செங்கல்பட்டு ஏரியைக் காட்டி மதுரை என்று சொன்ன கதைதான்.

1981 நவம்பரில் விண்வெளி ஓடம் கொலம்பியா எடுத்துச்சென்ற ரேடார், மலைக்குக் கிழக்கே விரிந்த செலிமா மணல் விரிப்பின் ஊடே பார்த்து, அடியில் புதைந்த பழைய ஆற்றுத் தடங்களைக் காட்டியது. சுத்தமாக ஈரமற்ற மணலில்தான் ரேடார் அலை அப்படி ஊடுருவும். ஆறுகள் இருந்தன என்பதற்கான சான்றே இன்று ஈரம் துளியும் இல்லை என்பதற்கான சான்றாகவும் ஆகிவிட்டது.

கழுதை, ஒட்டகம், கார்

2007இல் மலையின் தென்புறம் ஒரு பாறையில் எகிப்திய மன்னர் இரண்டாம் மெந்துஹோதெப்பின் பெயரோடு எழுத்துப்பொறிப்பு கண்டுபிடிக்கப்பட்டது. யாம் என்ற நாட்டார் சாம்பிராணி கொண்டுவந்த செய்தி அதில் உள்ளது. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன், அதாவது இந்தப் பக்கம் ஒட்டகமே வராத காலத்தில், நைல் நாட்டு ஆட்கள் இங்கே வந்திருக்கிறார்கள். கழுதையில்தான் வந்திருக்க வேண்டும், அங்கேதான் கணக்கு இடிக்கிறது. கழுதை அறுபது கிலோ அளவுக்குச் சுமக்கும். வெயிலில் ஒரு நாளைக்கு 15 லிட்டர் அளவுக்குக் குடிக்கும். சுமப்பது முழுவதும் தண்ணீரே என்றாலும் நான்கு நாளில் தன் சுமையைத் தானே குடித்து முடித்துவிடும். தாக்லாவிலிருந்து கில்ஃப் கபீர் மட்டுமே சுமார் 400 கிலோமீட்டர், பதினைந்து நாள் நடை.

விடை அபு பல்லாஸ் வழித்தடத்தில் கிடக்கிறது. தாக்லாவுக்குத் தென்மேற்கே இரண்டு குன்றுகளின் அடியில் பெரிய மண்சாடிகள் குவிந்திருப்பதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நில அளவையாளர்கள் கண்டார்கள். பின்னர் நடந்த ஆய்வில் அதே போன்ற சேமிப்பிடங்கள் ஒரே வரிசையில், பெரியவை இரண்டு மூன்று நாள் நடைத் தொலைவுக்கு ஒன்றாக, கில்ஃப் கபீர் வரை தொடர்வது தெரிந்தது. சாடி ஒன்று சுமார் 30 லிட்டர் கொள்ளும். முன்னேபோய்ச் சாடிகளை நிரப்பி வைக்கத் தனிக் கழுதைக் கூட்டங்கள், அவற்றுக்கான தண்ணீரை வைக்க அதற்கும் முன்னே வேறு கூட்டங்கள். இயற்கை சுனை வைக்காத இடத்தில் அரசாங்கம் சுனை வைத்தது. அரசு வலுவாக இருக்கும் வரைதான் அந்த ஏற்பாடு நிற்கும். சாடிக்கு மழை பெய்யாது.

ஒட்டகம் வந்தபின் இடைவெளி எட்டு பத்து நாளாக நீண்டது. தோல் துருத்தியிலும் தகரத் தொட்டியிலும் நீர் போனது. துருத்தி வியர்த்துக் குளிர்ச்சி தரும், ஆனால் அந்த வியர்வையே இழப்பு. தகரம் சிந்தாது, ஆனால் கொதிக்கும். இரண்டையும் கலந்து எடுத்துப்போவதே வழக்கம், துருத்தியை முதலில் தீர்ப்பார்கள். ஹசனைன் உவைனாத்திலிருந்து தெற்கே சாட் பக்கம் இறங்கியபோது கோடை தொடங்கிவிட்டதால் இரவில் நடந்து பகலில் படுத்தார்கள்.

மோட்டார் வண்டியின் கதையில் என்னைக் கேட்டால் இயந்திரத்தைவிட முக்கியம் ஒரு தகர டப்பா. பிரிட்டிஷ் ராணுவத்தின் ரால்ஃப் பேக்னோல்ட் 1920களின் இறுதியில் ஃபோர்டு கார்களில் வரத் தொடங்கியபோது ரேடியேட்டர் கொதித்து ஆவியாகும் நீர் பெரும் இழப்பாக இருந்தது. அவர் ரேடியேட்டரின் வழிந்தோடும் துளையைத் திறந்து விடாமல், அங்கிருந்து ஒரு குழாயைக் காரின் பக்கவாட்டில் பொருத்திய, பாதி நீர் நிரம்பிய டப்பாவின் அடிவரை விட்டார். ரேடியேட்டர் கொதித்தால் நீராவி டப்பா நீருக்குள் போய்க் குளிர்ந்து நீராகும். டப்பாவும் கொதிக்க ஆரம்பித்தால் காரைக் காற்றடிக்கும் திசைக்குத் திருப்பி நிறுத்தினால் போதும். ரேடியேட்டர் குளிரும், உள்ளே அழுத்தம் குறையும், டப்பாவிலிருந்த நீர் தானே திரும்ப உறிஞ்சப்படும். மூடியில் எங்காவது சிறு கசிவு இருந்தால் வேலை செய்யாது. வெளிக்காற்றுதான் உள்ளே போகும், நீர் திரும்பாது. இன்றைய கார்களில் இருக்கும் கூலன்ட் டப்பா இதே தத்துவம்தான்.

சுனையை நம்பாமல் போவதற்கு இன்று ஆளுக்கு நாளைக்கு ஆறு லிட்டர் என்று கணக்கிட்டால் நான்கு பேருக்கு இரண்டு வாரம் 336 லிட்டர், 20 லிட்டர் கேன் பதினேழு. அது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். வண்டி நின்றுபோனால் காத்திருக்கும் நாட்களுக்கு அதில் இடமில்லை.

கோடுகளும் கிணறுகளும்

22ஆம் அட்சக்கோடு 1899இல் பிரிட்டனும் எகிப்தும் சூடானைக் கூட்டாக ஆளச் செய்த ஒப்பந்தத்தில் வந்தது. 25ஆம் தீர்க்கக்கோட்டின் தென்பகுதியை எகிப்தும் இத்தாலியும் 1925இல் ஒப்புக்கொண்டன. மலை எங்கே இருக்கிறது என்று சரியாக அளந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1934இல் நடந்த மாற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால் இறுதி விளைவு: பெயர்பெற்ற சுனைகள் லிபியாவுக்கும் சூடானுக்கும் போயின, எகிப்துக்கு மலையின் ஒரு மூலையும் தல்ஹ் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியும் மிஞ்சின.

1931 ஜனவரியில் இத்தாலி குஃப்ராவைப் பிடித்தபோது அங்கிருந்து தப்பியவர்களில் ஒரு பகுதியினர் உவைனாத்துக்கு வந்தார்கள். 150 பேரைத் தாங்கிய மலையால் அந்தக் கூட்டத்தையும் கால்நடைகளையும் தாங்க முடியவில்லை. தாக்லா நோக்கி நடந்தவர்களில் பலர் வழியிலேயே இறந்தார்கள். பிறகு இத்தாலியர் ஐன் துவாவிலும் ஐன் சுவைய்யாவிலும் காவல்நிலையும் விமானத் தளமும் வைத்தார்கள். 1934இல் பிரிட்டன் சூடானின் வடமேற்கு மூலையை வெட்டி இத்தாலிக்குக் கொடுத்தது; சர்ரா முக்கோணம் எனப்படும் அந்தத் துண்டுக்குப் பெயர் தந்தது குஃப்ரா–சாட் வழியில் இருக்கும் சர்ரா கிணறு. 1987 செப்டம்பரில் சாட் ராணுவம் எல்லை தாண்டி வந்து தாக்கிய லிபிய விமானத் தளமும் அந்தக் கிணற்றை ஒட்டியதே.

அதன்பின் நிலைமை மாறியது. டேங்கர் லாரியும் நான்கு சக்கர ஓட்ட வண்டியும் வந்ததும் சுனையின் ராணுவ மதிப்பு இறங்கிவிட்டது. 2008 செப்டம்பரில் கில்ஃப் கபீர் பகுதியில் 11 ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிகளும் 8 எகிப்தியர்களும் கடத்தப்பட்டபோது, கடத்தியவர்கள் அவர்களோடு எல்லைகளைத் தாண்டித் தாண்டி உவைனாத்தைச் சுற்றி நகர முடிந்தது எரிபொருளும் தண்ணீரும் வண்டியிலேயே இருந்ததால்தான். இன்று முக்கோணத்தைப் பிடித்து வைப்பவருக்குக் கிடைப்பது சுனை அல்ல, கடினமான தரை உள்ள ஓட்டப்பாதைகள்: தங்கம், எரிபொருள், ஆயுதம், ஆட்கள் போகும் வழி. ஆனால் வண்டியில் போகும் நீர் வண்டியோடு நின்றுவிடும். 2022 ஜூனில் குஃப்ராவுக்குத் தென்மேற்கே 320 கிலோமீட்டரில், பழுதாகி நின்ற ஒரு வண்டியைச் சுற்றி 20 பேரின் உடல்கள் கிடைத்தன. கடைசித் தொலைபேசி அழைப்புக்கும் உடல்கள் கிடைத்ததற்கும் இடையே இரண்டு வாரம்.

2013இல் நான்கு நாடுகளும் வியன்னாவில் நூபிய நீர்த்தேக்கத்துக்கான கூட்டுச் செயல்திட்டத்தில் கையெழுத்திட்டன. ஒருவர் இறைப்பது மற்றவரின் கிணற்றைத் தாழ்த்தும் என்பதால் அளவுகளைப் பகிர்ந்துகொள்வது அதன் அடிப்படை. 2023 ஏப்ரலில் சூடான் போர் தொடங்கியதிலிருந்து குஃப்ராவுக்கு வந்து சேர்ந்த பல்லாயிரம் சூடான் அகதிகள் குடிப்பதும் அதே தேக்கத்தின் நீர்தான். செய்தியில் 'முக்கோணம்' என்று படித்தால் வரைபடத்தில் மலையை மட்டும் பார்க்காமல் அங்கிருந்து 300 கிலோமீட்டர் வடமேற்கே குஃப்ராவின் மோட்டார்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டேங்கர்கள் நிரம்புவது அங்கே.